வேலை விளம்பரத்தில் வாடிக்கையாளர் யார்?

2022ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர் புதுதில்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் நின்று ரயில்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஏறத்தாழ ஒரு மாதம். எத்தனை வண்டி வந்தது, எத்தனை போனது, எத்தனை பெட்டிகள் என்று கணக்கெடுப்பதுதான் வேலை. டிக்கெட் பரிசோதகர், எழுத்தர் போன்ற ரயில்வே பணிகளுக்கான பயிற்சி இது என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. இதற்காக ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் ரூபாய் வரை கொடுத்திருந்தார்கள். மொத்தம் 2.67 கோடி. அப்படியொரு பயிற்சியும் இல்லை, வேலையும் இல்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் செய்தி வெளியானபோது பலர் சிரித்தார்கள். படித்தவர்களுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகாரின்படி, மருத்துவப் பரிசோதனைக்கு அவர்கள் அழைக்கப்பட்டது நிஜமான ரயில்வே மருத்துவமனைக்கு. சான்றிதழ் சரிபார்ப்பு என்று போனது ரயில்வே அலுவலகத்துக்கு. எண்ணிய ரயில்களும் நிஜம். பொய்யாக இருந்தவை இரண்டுதான்: பயிற்சியும் பணி நியமனமும்.

வேலை மோசடி என்றாலே 'பேராசைக்காரன் ஏமாறுகிறான்' என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். விளம்பரம் ஒன்று உண்மையாக இருக்கும், அல்லது பொய்யாக இருக்கும். கொஞ்சம் புத்தி இருந்தால் கண்டுபிடித்துவிடலாம் என்றும் நினைக்கிறோம். இரண்டும் தவறு. முழுப் பொய்க்கும் முழு உண்மைக்கும் நடுவே பெரிய சந்தை ஒன்று நடக்கிறது. அந்தச் சந்தையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது உண்மையா' என்பதல்ல. 'இங்கே யார் யாருக்குப் பணம் தருகிறார்கள்' என்பது.

கல்யாணத் தரகர் கணக்கு

இரண்டு கல்யாணத் தரகர்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் கல்யாணம் முடிந்த பிறகுதான் தரகு வாங்குவார். பொருந்தாத ஜாதகத்தைக் கொண்டுவந்தால் அவருக்குத்தான் அலைச்சல் வீண். இரண்டாமவர் ஒவ்வொரு ஜாதகத்தைக் காட்டுவதற்கும் ஐந்நூறு ரூபாய் வாங்குகிறார். கல்யாணம் நடந்தால் அவருடைய வருமானம் நின்றுபோகும். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அவருடைய வரவு, உங்கள் காரியம் முடியாமல் இருப்பதில் இருக்கிறது, அவ்வளவுதான்.

வேலைச் சந்தையிலும் இதே கணக்குதான். நிறுவனத்துக்கும் வேலை தேடுபவருக்கும் நடுவே நின்று ஆள் பிடித்துத் தருபவரை ஆள்சேர்ப்பு முகவர் என்கிறோம். ஊரில் 'கன்சல்டன்சி' என்றால் எல்லோருக்கும் புரியும். ஒழுங்கான முகவருக்குக் கூலி தருவது ஆள் தேவைப்படும் நிறுவனம். நீங்கள் சேர்ந்து சில மாதங்கள் நிலைத்தால்தான் பல முகவர்களுக்கு முழுக் கூலி கிடைக்கும். அதனால் பொருத்தமான ஆளைத் தேடுவது அவருக்கே லாபம். பணத்தை உங்களிடம் வாங்கும் முகவருக்கு நீங்கள்தான் வாடிக்கையாளர். அவர் விற்கும் சரக்கு வேலையல்ல, வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை. அதற்குக் கையிருப்பு ஒருபோதும் தீராது.

இதில் ஒரு திருத்தம் வேண்டும். பணம் கேட்டாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய் வாங்குகிறது. தேர்வுக் கட்டணம் தனி. அந்தக் கட்டணம் எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, அரசின் தளத்தில் கட்டப்படுவது, தேர்வு எழுதும் உரிமைக்கு மட்டுமே உரியது. வேலைக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. தனி ஒருவரின் யூ.பி.ஐ. எண்ணுக்கு 'பின்னர் திருப்பித் தரப்படும்' என்று அனுப்பச் சொல்லும் பணம் வேறு வகை.

இதுவரை சொன்னதன் சாரம்: முகவருக்குக் கூலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தால், அவர் யாருக்காக உழைக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

பொய் சொல்லாமல் ஏமாற்றுவது

அடுத்தது, சட்டப்படி பொய் என்று சுட்டிக்காட்டக் கடினமான விளம்பரங்கள். பஸ் நிறுத்தத் தூண்களில் ஒட்டியிருக்கும்: 'அலுவலகப் பணி. ரூ. 15,000 முதல் 40,000 வரை. அனுபவம் தேவையில்லை. உடனே வரவும்.' நிறுவனத்தின் பெயர் இருக்காது, ஒரு கைப்பேசி எண் மட்டும். 15,000 என்பது எல்லோருக்கும் கிடைப்பதாகவும் இருக்கலாம். 40,000 என்பது மூன்று ஆண்டுகளில் ஒருவருக்கு ஒருமுறை கிடைத்ததாகவும் இருக்கலாம். 'வரை' என்ற சொல் அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்ளும்.

படிப்பு முடித்த புதிதில் 'மேலாண்மைப் பயிற்சியாளர்' என்ற விளம்பரத்தைப் பார்த்து நானும் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பதினைந்து நிமிடத்தில் தேர்வாகிவிட்டேன். என் திறமையை இவ்வளவு விரைவில் கண்டுகொண்டார்களே என்று பெருமையாக இருந்தது. மறுநாள் காலை தோளில் ஒரு பையை மாட்டிவிட்டார்கள். உள்ளே சமையலறைச் சாமான்கள். வீடு வீடாக ஏறி விற்க வேண்டும். விற்றால்தான் கமிஷன், சம்பளம் என்று எதுவும் கிடையாது. விற்பனை வேலையில் ஒரு குறையும் இல்லை. அதை விற்பனை வேலை என்று சொல்லாததுதான் குறை. எல்லோரையும் எடுத்துக்கொள்ளும் நேர்முகத் தேர்வு, தேர்வே அல்ல என்பது அன்று மாலை கால் வலித்தபோது புரிந்தது.

படித்தவர்களுக்கான தூண்டிலின் பெயர் சி.டி.சி. ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஓராண்டில் செலவிடும் மொத்தத் தொகை என்று அதற்குப் பொருள். உங்கள் கைக்கு வரும் சம்பளம் அதுவல்ல. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் என்றால் மாதம் 40,000 என்று மனம் வகுத்துவிடும். அதில் அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வையுங்கள். நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் வருங்கால வைப்பு நிதி 12 விழுக்காடு, அதாவது 2,400, இந்த 40,000-க்குள்தான் இருக்கிறது. ஐந்தாண்டு வேலை பார்த்தால் கிடைக்கக்கூடிய பணிக்கொடைக்காக 4.81 விழுக்காடு, சுமார் 960 ரூபாய், அதுவும் உள்ளேதான். இலக்கை எட்டினால் தருவோம் என்னும் மாறும் ஊதியம் மாதம் 4,000 என்று கொள்வோம். பிறகு உங்கள் பங்கு வைப்பு நிதி இன்னொரு 2,400. எல்லாம் கழிந்தால் கைக்கு வருவது முப்பதாயிரத்தை ஒட்டித்தான். வைப்பு நிதி உங்கள் பணம்தான், மறுக்கவில்லை. வீட்டு வாடகையை அதிலிருந்து கட்ட முடியாது என்பதும் உண்மை. 'கையில் மாதம் எவ்வளவு வரும், நிலையானது எவ்வளவு, மாறுவது எவ்வளவு' என்று எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இந்த வகையில் தமிழ்நாடு கண்ட மிகக் கசப்பான உதாரணம் சுமங்கலித் திட்டம். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் சில, தென்மாவட்டக் கிராமங்கள் வரை தரகர்களை அனுப்பி இளம்பெண்களைச் சேர்த்தன. மூன்றாண்டு வேலை, தங்குமிடம், சாப்பாடு, முடிவில் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை. பெண்ணைப் பெற்ற ஏழைக் குடும்பத்துக்கு இதைவிட இனிக்கும் விளம்பரம் எழுத முடியாது. அந்தத் தொகை பரிசு அல்ல. பெண்ணுக்கு மாதாமாதம் சேர வேண்டிய கூலியில் பிடித்துவைத்ததுதான். 'பயிற்சியாளர்' என்று பெயர் வைத்துக் குறைந்த கூலி கொடுத்தார்கள். உடம்புக்கு முடியாமல் இரண்டரை ஆண்டில் ஊர் திரும்பிய பெண்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவே இல்லை. விளம்பரத்தில் சொன்ன தொகை பொய்யில்லை. அது யாருடைய பணம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூணு சீட்டு

கோயில் திருவிழாக்களில் மூணு சீட்டு ஆடுபவரைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஆட்டத்தில் உங்களை ஜெயிக்கவிடுவார். அவர் தரும் அந்தப் பத்து ரூபாய் முதலீடு.

'வீட்டிலிருந்தே வேலை, காணொளிக்கு விருப்பக்குறி இட்டால் பணம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியும் இதே ஆட்டம்தான். முதல் நாள் 150 ரூபாய் உண்மையாகவே வரும். மறுநாளும் வரும். பிறகு டெலிகிராம் குழு ஒன்றில் சேர்ப்பார்கள். அங்கே ஏராளமானோர் தாங்கள் சம்பாதித்ததைப் படம்பிடித்துப் போடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீட்டாட்டக்காரரைச் சுற்றி நின்று கைதட்டும் கூட்டாளிகள். மூன்றாம் நாள் 'முன்பணம் கட்டும் பணி' வரும். ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு. அதுவும் வரும். ஐம்பதாயிரம் கட்டிய பிறகு திரையில் எண்பதாயிரம் தெரியும், எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் வரி கட்ட வேண்டும் என்பார்கள். வரி கட்டினால் கணக்கு முடங்கிவிட்டது என்பார்கள்.

இங்கே வேலை செய்வது பேராசை மட்டும் அல்ல. விட்டதைப் பிடிக்கும் தவிப்பு. பதினைந்தாயிரம் போன பிறகு இன்னும் ஐயாயிரம் கட்டினால் எல்லாம் திரும்பிவிடும் என்று தோன்றும். கட்டாமல் நிறுத்தினால் பதினைந்தாயிரம் போனதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். மனிதர்கள் பணத்தை இழப்பதைவிட இழந்ததை ஒப்புக்கொள்ளவே அதிகம் அஞ்சுகிறார்கள். தில்லியில் ரயில் எண்ணியவர்களையும் தொடர்ந்து நம்ப வைத்தது இதுவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இதன் ஒன்றுவிட்ட உறவு ஒன்று உண்டு, அது இன்னும் ஆபத்தானது. 'உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும். கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை வேறு கணக்குக்கு அனுப்பினால் போதும்' என்னும் வேலை. இப்படி வாடகைக்கு விடப்படும் கணக்கைச் சுமைதூக்கிக் கணக்கு என்று சொல்லலாம். வேறு யாரிடமோ திருடிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். காவல்துறை வரும்போது கதவில் இருப்பது உங்கள் பெயர். ஏமாந்தவர் என்ற இடத்திலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்துக்கு நகர, மாதம் ஐயாயிரம் ரூபாய் ஆசை போதும்.

சுருக்கமாக: முதலில் வந்த சிறு தொகை நம்பகத்தன்மைக்கு ஆதாரம் அல்ல, விளம்பரச் செலவு. சம்பளம் வாங்க நீங்கள் பணம் கட்ட வேண்டியிருந்தால், கட்டுபவரே வாடிக்கையாளர்.

கடல் கடந்த வேலை

வெளிநாட்டு வேலையில் முகவர் உங்களிடம் பணம் வாங்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் ஒன்றிய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மீது ஜி.எஸ்.டி.யும், 18 விழுக்காடு சேர்த்தால் 35,400. ரசீது தர வேண்டும். ஊரில் இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று பேசிக்கொள்கிறார்களே, அதில் பெரும்பகுதி சட்டத்துக்கு வெளியே போகும் பணம்.

பெரும்பாலும் நாம் சந்திப்பது அந்தப் பதிவு பெற்ற முகவரையும் அல்ல. அவருக்கு ஆள் பிடித்துத் தரும் உள்ளூர்க்காரரை. அவர் நம் தெரு, நம் சாதிசனம், சித்தப்பாவின் நண்பர். முகவரின் உரிமம் அவருக்குப் பொருந்தாது. பதிவு எண்ணைக் கேட்டு, இ-மைக்ரேட் என்னும் அரசுத் தளத்தில் அந்த எண் நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. பக்கத்துத் தெரு அண்ணனைவிட இவை மெதுவாகத்தான் நகரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு சொல்லைக் காதில் போட்டுக்கொண்டால் போதும்: 'இப்போதைக்குச் சுற்றுலா விசா, அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்.' சுற்றுலா விசாவில் போனவர் அந்த நாட்டின் சட்டக் கண்ணில் தொழிலாளி அல்ல. சம்பளம் தராவிட்டால் புகார் செய்யப் போன இடத்தில் அவரே விசா விதியை மீறியவர் ஆகிவிடுவார். முகவருக்கு இது தெரியும், தெரிந்தேதான் அனுப்புகிறார்.

இதன் கொடுமையான எல்லையைத் தாய்லாந்து வேலை என்று சொல்லி மியான்மருக்குக் கொண்டுபோனதில் பார்த்தோம். கணினி தெரிந்த இளைஞர்களை 'டிஜிட்டல் விற்பனை' வேலை என்று அழைத்து, தாய்லாந்து எல்லையைக் கடத்தி மியாவாடி பகுதியில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த மாதம் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அதோடு நிற்கவில்லை, 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் திருப்பி அழைத்துவரப்பட்டார்கள். இந்தச் சங்கிலியில் ஒரு வக்கிரம் இருக்கிறது: போலி வேலை விளம்பரத்தால் பிடிபட்டவர்களை வைத்தே மற்றவர்களுக்கு வலை வீசவைத்தார்கள்.

பாண்டும் மூலச் சான்றிதழும்

பாண்டு என்பது 'இத்தனை ஆண்டு இருப்பேன், முன்னே போனால் இவ்வளவு தருவேன்' என்று எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம். 'பாண்டு எல்லாம் செல்லாது, கையெழுத்துப் போடு' என்று தைரியம் சொல்பவர்களைக் கேட்டு நடக்க வேண்டாம். பொதுத்துறை வங்கி ஒன்றின் மூன்றாண்டு, இரண்டு லட்ச ரூபாய் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றது. மறுபக்கம், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. வாய்க்கு வந்த தொகையை அல்ல. இரண்டு வாரம் பழைய காணொளிகளைப் போட்டுக் காட்டிவிட்டுப் பயிற்சிச் செலவு மூன்று லட்சம் என்று கேட்கும் நிறுவனம், நீதிமன்றத்தில் அந்தச் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

அதனால்தான் சிலர் நீதிமன்றத்தை நம்புவதில்லை; மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைத்துக்கொள்கிறார்கள். வழக்குப் போடாமலே ஆளைக் கட்டிவைக்கும் கயிறு அது. பார்த்துவிட்டுத் திருப்பித் தருவது சரிபார்ப்பு. அலமாரியில் வைத்துக்கொள்வது அடகு.

கையில் இருக்கும் சில கருவிகள்

மின்னஞ்சல் முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் வருவதைப் பாருங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரோடு ஒரு கோடு போட்டு 'கேரியர்ஸ்' என்று ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் வீடு அல்ல. 'சரவணன் வீடு' வேறு, 'சரவணன் வீட்டுக்கு எதிர்வீடு' வேறு. சந்தேகம் வந்தால் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்தப் பணியிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அவர்கள் அனுப்பிய இணைப்பு வழியாகப் போகாமல், நீங்களே தட்டச்சு செய்து போக வேண்டும்.

நிறுவனப் பதிவுச் சான்றிதழைக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள். நிறுவனத்தைப் பதிவு செய்வது எளிது. அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்தக் காகிதம் சாட்சி அல்ல. அதைவிட நல்ல சாட்சி, பலருக்குத் தெரியாத ஒன்று, வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் இருக்கிறது. அங்கே நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துத் தேடினால் மாதாமாதம் எத்தனை ஊழியர்களுக்குப் பணம் கட்டினார்கள் என்பது தெரியும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் வைப்பு நிதி பொதுவாகக் கட்டாயம். 'எங்களிடம் ஐந்நூறு பேர்' என்று சொல்லும் நிறுவனம் பதினோரு பேருக்குக் கட்டிக்கொண்டிருந்தால், மீதி 489 பேர் எங்கே என்று கேட்கலாம்.

பணம் கைவிட்டுப் போய்விட்டால் முதலில் 1930 என்ற எண்ணை அழையுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான அந்த எண்ணின் பயன், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவி எடுக்கப்படுவதற்குள் வங்கிகளுக்குச் சொல்லி முடக்குவதில் இருக்கிறது. அன்றே அழைத்தவருக்கும் பத்து நாள் யோசித்து அழைத்தவருக்கும் கிடைக்கும் பலன் ஒன்றல்ல. உரையாடல்களை அழித்துவிடாதீர்கள்; வெட்கத்தில் பலர் முதலில் செய்வது அதைத்தான்.

ரயில் எண்ணிய வழக்கில் புகார் கொடுத்தவர் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த 78 வயது முன்னாள் ராணுவ வீரர். ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை தேடிக்கொடுப்பதைப் பலன் எதிர்பாராமல் செய்துவந்தவர். தில்லியில் நாடாளுமன்ற உறுப்பினர் குடியிருப்பு ஒன்றில் அறிமுகமான ஒருவரை நம்பி, அவரே அந்த இளைஞர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். ஊரில் அவர்மேல் இருந்த நம்பிக்கையைத்தான் மோசடிக்காரர்கள் கடன் வாங்கினார்கள். விஷயம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு ஊர் திரும்பாமல், அவர் தில்லி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போனார்.